கம்பளிக்குள் சேகர்

மே 18, 1981. திங்கள்

கத்திரி வெயில். மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. வடாம் மட்டும் நன்றாகக் காய்ந்தது.

பாலக்கரையில் போஸ்டர். சேகர் நடித்த படம் ஒருவழியாக வந்துவிட்டது. நடித்தது என்றால், கொல்லிமலையில் திரியும் ரோமம் மூடிய காட்டு மனிதனாக. போஸ்டரில் வெறும் கம்பளிதான். உள்ளே என் தம்பி. படப்பிடிப்பு முடிந்த கையோடு மஞ்சள் காமாலை. தை மாதம் போய்விட்டான்.

அம்மாவிடம் சொல்லலாமா, வேண்டாமா.

மே 19. செவ்வாய்

ஸ்கூல் லீவுதானே. முதலில் நான் மட்டும் மேட்னி பார்த்து வந்தேன்.

குப்பைப் படம். காட்டு மனிதன் முதுகில் ஜிப். ஒரே பாறையை நாலு பக்கமும் காட்டி மலை என்கிறான். ரத்தம், ரோஸ் மில்க். கதாநாயகி தடுக்க ஒன்றும் இல்லாமலே தடுக்கி விழுகிறாள். உறுமல்கூட சேகருடையது இல்லை, எவனோ மைக்கில். முகமூடியைக் கடைசி வரை கழற்றவில்லை, பாவிகள். ஒரே ஒரு தடவை கழற்றினால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் பாறைமேல் நின்று புறங்கையால் பிடரியைச் சொறிந்தான். அவனேதான். அழுதுவிட்டேன். பக்கத்து ஸீட் அம்மாள், "பயமா இருந்தா கண்ணை மூடிக்கங்க" என்றாள்.

கடைசியில் அவனைச் சுடத் துப்பாக்கியைத் தூக்கினார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

மே 20. புதன்

சித்தியும் போஸ்டரைப் பார்த்திருக்கிறாள். நேரே வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா உடனே புடவை மாற்றக் கிளம்ப, சொன்னவளே தடுக்கிறாள்: "வருஷம் திரும்பலக்கா. சாவு வீட்டுலேந்து சினிமாவுக்குப் போனா ஊர் என்ன சொல்லும்?"

அம்மா: "ஊரா பெத்துச்சு அவனை?"

சித்தி காப்பி குடிக்காமல் போய்விட்டாள். என் பயம் வேறு. சுடுவதை அம்மா எப்படித் தாங்குவாள்? அந்தக் கட்டம் வருவதற்குள் எதையாவது சொல்லிக் கொட்டகையிலிருந்து கிளப்பிவிட வேண்டும்.

மே 21. வியாழன்

அம்மாவோடு மேட்னி. பையில் முறுக்கு, தண்ணீர். தொடவே இல்லை.

"எங்கடி, எங்கடி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிடரியைச் சொறிந்ததும் பேச்சு நின்றது.

துப்பாக்கி வந்தது. "வாம்மா, பஸ் போயிடும்."

"உக்காருடி."

சுட்டார்கள். ஒரே விசில். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் ஒருத்தன், "டேய், செத்தது மூச்சு விடுதுடா!" கொட்டகையே சிரித்தது.

பார்த்தேன். நிஜம்தான். கம்பளி வயிறு ஏறி இறங்குகிறது. கவனிக்க ஒரு நாதி இல்லை அந்தப் படத்தில்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "மூச்சு வருதுடி. பாரு, நல்லா வருது."

விளக்குப் போட்ட பிறகும் எழவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், காவிரிப் பாலத்தில், "நாளைக்கும் போவோம்" என்றாள். சரி என்றேன்.

நாளை முதல் வேறு படம். தியேட்டர் வாசலில் பசை காயாத புதுப் போஸ்டர். அம்மா கவனிக்கவில்லை.