அப்பாவின் எடை

அன்புள்ள அம்மாவுக்கு,

அஜிதா எழுதுறேன். கர்த்தர் கிருபையால இங்க சுகம். உங்க இடுப்பு வலி குறைஞ்சுதா? அப்பா ஒழுங்கா சாப்பிடுறாங்களா? போன்ல பேசினா பக்கத்துல படுத்த படுக்கையா கிடக்கிற அப்பாவுக்குக் கேட்கும், அதான் கடிதம்.

ஜிம்முல பெண்கள் பேட்ச் எல்லாம் என் தலையிலதான். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கூடவே செய்து காட்டணும். முட்டி கொஞ்சம் வீங்கியிருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல. பழைய தைலம் இருந்தா யாரிட்டயாவது கொடுத்து விடுங்க.

பக்கத்துல கரமனையிலிருந்து சரசம்மான்னு ஒரு மலையாளத்து அக்கா ஜிம்முக்கு வருவாங்க. டிரெட்மில்லில் நடப்பாங்க, வெயிட்டை மட்டும் தொடமாட்டாங்க. "அது பையன்மாருக்குள்ளது, மோளே" என்பாங்க. நடந்தா மூச்சுக்கு நல்லது, கைகாலுக்குப் பலம் வேணும்னா எடையும் தூக்கணும்னு சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. போன மாசம் அவங்களே வந்து நின்னாங்க. பக்கவாதம் வந்த வீட்டுக்காரரைக் கட்டிலிலிருந்து தூக்க முடியலையாம். முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தித் தூக்கப் பழக்கினேன். நேத்து தூக்கி நாற்காலியில உட்கார வச்சுட்டாங்களாம். அந்தச் சந்தோஷத்துல, "உன் அப்பாவை யாரு தூக்குது?" என்று கேட்டாங்க. அம்மா ஒத்தைக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

நீங்களும் முதுகை வளைக்காதீங்கம்மா. பக்கத்து வீட்டு செல்வின் இருந்தா கூப்பிடுங்க.

அடுத்த பேட்ச் வந்தாச்சு, ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அப்பா எடை எவ்வளவுன்னு பார்த்து எழுதுங்க. அந்த எடையை இங்க தூக்கிப் பழகிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்தா நான் தூக்குறேன், நீங்க படுத்து உறங்குங்க.

உங்க மகள்,
அஜிதா