நொண்டி நாயின் இருபத்து நான்கு தாள்கள்

அனுப்புநர்
விண்ணப்ப எண் 317,
உதவியாளர்,
கால்நடை மருத்துவமனை.
(தேர்வு தொடர்பான கடிதங்களில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டுமே எழுத வேண்டும் என்பது தங்கள் மையத்தின் விதி 3. அதன்படியே எழுதியுள்ளேன்.)

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸ் இலவசத் தொழிற்பயிற்சி மையம்.

பொருள்: நுழைவுத் தேர்வில் நான் வரைந்தது நொண்டி நாய் என்பதைக் கருத்தில் கொண்டு விடைத்தாள்களை மறுமதிப்பீடு செய்யவும், விதி 7-ஐத் தளர்த்திக் காலியாக உள்ள ஆறு இடங்களை நிரப்பவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் மையத்தின் நிராகரிப்புக் கடிதம், நாள் ஜூன் 9.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் மேசைக்கு ஒரு நாளைக்கு எத்தனை மனுக்கள் வருகின்றன என்று எனக்குத் தெரியாது. நான் வேலை செய்யும் இடத்தில், கத்துகிற நாயைவிடச் சத்தமே போடாத நாயைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆகவே சத்தம் போடாமல் எழுதுகிறேன். முதலில் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

1. நான் பதினோரு ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராகப் பணிபுரிந்து வருகிறேன். படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. மருத்துவர் ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வது, மேசையைக் கழுவுவது, ரத்தத்தைப் பார்த்து உரிமையாளர் மயங்கினால் அவருக்குத் தண்ணீர் கொடுப்பது ஆகியவை என் பணிகள். இடது முன்கையில் மட்டும் ஒன்பது பல் தடங்கள் உள்ளன. அனுபவச் சான்றாக அவற்றை இணைக்க வழியில்லை. வரும் ஆகஸ்டில் எனக்கு முப்பத்தைந்து வயது நிறைவடைகிறது. தங்கள் மையத்தின் வயது வரம்பும் அதுவே. அடுத்த பயிற்சி அடுத்த ஆண்டுதான். எனவே இந்த முறை இடம் கிடைக்காவிட்டால் எனக்கு இனி எப்போதும் கிடைக்காது.

2. நான் வரையக் கற்றது எங்கள் எக்ஸ்ரே அறையில். எக்ஸ்ரே படத்தை மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டி அங்கே உண்டு. மதிய இடைவேளையில் அதைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் படுக்க வைத்து, அதன்மேல் தாளைப் போட்டு நாயின் ஒரு காலடியை வரைவேன். அதன்மேல் இன்னொரு தாளைப் போட்டால் கீழே உள்ள கோடு தெரியும். அடுத்த அசைவைச் சற்றுத் தள்ளி வரைவேன். இதே வேலைக்கென்று ஸ்டுடியோக்களில் தனியாக மேசை வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பயந்து அழும் பிள்ளைகளுக்காக மருந்துச் சீட்டுக் கட்டின் மூலைகளிலும் வரைவேன். கட்டை விரலால் புரட்டினால் நாய் ஓடும். ஒருமுறை மருத்துவர் அம்மா பூனைக்கு மருந்து எழுதப் போனபோது மூலையில் ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது. “இது என்ன மருந்து, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று கேட்டார். மறுநாள் முதல் பழைய சீட்டுக் கட்டுகளை எனக்கென்று எடுத்து வைக்கலானார்.

3. எங்கள் காத்திருப்புக் கூடத்தில் ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. அதில் சென்ற ஆண்டு ஒரு படத்தில் காயம்பட்ட புலி ஒன்று நடந்தது. கணினியில் செய்த புலி. ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் அது காயம்பட்ட காலில்தான் முழு எடையையும் போட்டு நடந்தது. நான் சிரித்தேன், மருத்துவர் அம்மாவும் சிரித்தார். கூடத்தில் இருந்த மற்றவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். அன்றுதான் எனக்கு, இந்த வேலையில் நமக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று தோன்றியது. அதற்கு முன் இப்படி ஒரு ஆசை இருந்ததாகச் சொன்னால் பொய்.

4. “இத்துறையில் இதுவரை வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்காக” என்று தங்கள் மையம் வெளியிட்ட அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தேன். தேர்வில் இருபத்து நான்கு தாள்களும் இரண்டு மணி நேரமும் தரப்பட்டன. ‘நாயின் நடை’ அல்லது ‘கொடியில் துணி’, இரண்டில் ஒன்றை வரைய வேண்டும். நான் நாயை எடுத்துக்கொண்டேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். கிடைத்த மதிப்பெண் நாற்பதுக்கு நான்கு. தேர்வாளரின் குறிப்பு வருமாறு: “கால்கள் சீராக ஊன்றப்படவில்லை. தலை தேவையின்றி மேலே எழுகிறது. நடை பற்றிய அடிப்படைப் புரிதல் இல்லை.”

5. தேர்வாளர் எழுதியதில் முதல் இரண்டு வாக்கியங்களும் உண்மை என்பதைப் பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன். கால்கள் சீராக ஊன்றவில்லை, தலை மேலே எழுகிறது. ஏனென்றால் அது நொண்டி நாய். வலி உள்ள முன்காலைத் தரையில் வைக்கும்போது நாய் தலையைத் தூக்கும். எடையை அந்தக் காலிலிருந்து எடுக்கத்தான் தூக்குகிறது. என் தாள்களில் இடது முன்கால் பதினாறு தாள்களில் தரையில் இருக்கும், வலது முன்கால் பத்தில் மட்டும். எண்ணிப் பார்க்கலாம்.

இதில் தவறு என்னுடையதுதான். கேள்வித்தாளில் நாய் என்று மட்டும் இருந்தது. நொண்டி என்று இல்லை. ஆனால் ஐயா, ஆஸ்பத்திரிக்கு நன்றாக நடக்கிற நாயை யாரும் அழைத்து வருவதில்லை. பதினோரு ஆண்டுகளாக நான் வாசலிலிருந்து மேசை வரை நடக்கப் பார்த்த நாய்களில் பாதிக்கு மேல் நொண்டிகள். நாய் என்றதும் என் கைக்கு வந்தது அதுதான். ‘இது நொண்டி’ என்று ஓரத்தில் எழுத வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, எங்கள் இடத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் நிராகரிப்புக் கடிதத்தைப் படித்துவிட்டு, “நொண்டி நாயைப் பந்தயத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, ஜெயிக்கலைன்னு அழுறியே” என்றார்.

6. ஜூன் 11 அன்று மையத்திற்கு நேரில் வந்தேன். அலுவலக எழுத்தர் மரியாதையாகவே நடந்துகொண்டார். இரும்பு அலமாரியிலிருந்து என் கோப்பை எடுத்துக் காட்டினார். இருபத்து நான்கு தாள்களையும் இடப்பக்கம் துளையிட்டு, நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தாளாகத் திருப்பலாமே தவிரப் புரட்ட முடியாது. அசைவைப் புரட்டினால்தானே பார்க்க முடியும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, “எங்ககிட்ட வர்ற எல்லாத்தையும் இப்படித்தாம்மா கட்டுவோம். காகிதம்னா கட்டணும்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாமாகவே எல்லாத் தாள்களுக்கும் நகல் எடுத்துத் தந்தார்.

7. அந்த நகல்களை வெட்டி, ரப்பர் பேண்டு போட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் மருத்துவர் அம்மாவின் மேசையில் வைத்தேன். அவர் மூன்று முறை புரட்டினார். மூன்றாவது முறை கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, “வலது முன்கால். தோள்ல ஒண்ணும் இல்ல, காலை நல்லா நீட்டித்தான் வைக்குது. ஊன்றதுக்குத்தான் பயப்படுது. பாதத்துல பாரு, முள்ளா இருக்கும்” என்றார். சொல்லிவிட்டு, “எங்க அந்த நாய், உள்ள கூட்டிட்டு வா” என்றார்.

நான் வரையும்போது மனத்தில் வைத்திருந்ததும் முள்தான். அந்த நாய் பயிற்சி மையத்தின் அலமாரியில் இருக்கிறது என்று சொன்னேன். விவரம் தெரிந்ததும் அவர் மருந்துச் சீட்டிலேயே தம் கருத்தை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். அது இம்மனுவுடன் இணைக்கப்பட்டுள்ளது. அதில் உள்ளபடி: “நோயாளி: நாய், தாள் 1 முதல் 24 வரை. குறை: வலது முன்பாதத்தில் வலி, முள் குத்தியிருக்கக்கூடும். வரைந்தவருக்குக் குறை எதுவும் தென்படவில்லை.”

8. விதி 7 பற்றி: தேர்வு முடிந்த இரண்டு வாரத்திற்குள், இத்துறையில் ஐந்தாண்டு பணிபுரிந்த ஒருவரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் தர வேண்டும் என்கிறது அந்த விதி. இதற்காக ஒரு ஸ்டுடியோவின் வாசலுக்குப் போனேன். காவலாளி, “உள்ள யாரைத் தெரியும்?” என்று கேட்டார். யாரையும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றேன். “தெரிஞ்சாத்தாம்மா உள்ள விட முடியும்” என்றார். பிறகு தம் வீட்டு நாயின் காது அரிப்புக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார், சொல்லிவிட்டு வந்தேன்.

மனுவில் பழமொழி எழுதக் கூடாது என்பது தெரியும், மன்னிக்கவும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதையாக இருக்கிறது இந்த விதி. வாய்ப்பே கிடைக்காதவர்களை அழைத்துவிட்டு, வாய்ப்புக் கிடைத்தவர் ஒருவரைக் கையோடு கூட்டி வரச் சொன்னால் எங்கே போவது? இருபது இடங்களுக்குப் பதினான்கு பேரே தேர்வாகியுள்ளனர், மீதி ஆறும் பெரும்பாலும் இந்தக் கடிதம் இல்லாததால் காலியாக உள்ளன என எழுத்தர் தெரிவித்தார். கதவு திறந்திருந்ததால் வகுப்பறையையும் பார்த்தேன். ஆறு கணினிகளுக்கு உறைகூடப் பிரிக்கவில்லை.

9. தேர்வன்று என் பக்கத்து இருக்கையில் விண்ணப்ப எண் 318 அமர்ந்திருந்தார். வேறொரு மருத்துவமனையின் போர்வைகளைத் துவைக்கும் இடத்தில் வேலை செய்பவர். அவர் ‘கொடியில் துணி’ வரைந்தார். அவருக்கு வந்த குறிப்பு: “காற்றின் விசை துணியில் தெரியவில்லை.” மதிப்பெண் ஆறு. மையத்தின் வாசலில் அவரைச் சந்தித்தபோது, “ஈரத் துணி எப்படிங்க பறக்கும்? முதல்ல சொட்டணும், அப்புறம் காயணும், அப்புறம்தான பறக்கும்” என்றார். அவர் காட்டிய நகல்களில், பதினேழாம் தாள் வரை போர்வையின் கீழ் ஓரம் தண்ணீர்ப் பாரத்தில் தொங்கியபடியே இருக்கிறது. பதினெட்டாம் தாளில் ஒரு மூலை மட்டும் லேசாக அசைகிறது. அதை வரைய எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மனுவில் சேர்ந்து கையெழுத்துப் போடக் கேட்டேன். “எழுதி என்னங்க ஆகப்போகுது, அவங்களுக்கு வேற வேலை இல்லையா” என்றார். ஆனால் பேருந்து ஏறும் முன் திரும்பி வந்து, தம் எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர் அனுமதியுடனே இங்கு குறிப்பிடுகிறேன்.

10. நன்றாக நடக்கும் நாயை எனக்கு வரையத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, சென்ற ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நோயில்லாத நாய்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். அதையும் இருபத்து நான்கு தாள்களில் வரைந்து இணைத்துள்ளேன். மருத்துவர் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு ஒன்றும் இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார். பார்க்கக் கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

11. ஆகவே, விண்ணப்ப எண்கள் 317, 318 ஆகிய இருவரின் விடைத்தாள்களையும் நாடாவை அவிழ்த்து, வரிசை மாறாமல் புரட்டிப் பார்த்து மறுமதிப்பீடு செய்யுமாறு வேண்டுகிறேன். நாயின் தாள்களைத் தேர்வாளருடன் ஒரு கால்நடை மருத்துவரும், துணியின் தாள்களைத் துணி துவைப்பவர் ஒருவரும் பார்த்தால் இன்னும் நல்லது. பரிந்துரைக் கடிதத்திற்குப் பதிலாக, விண்ணப்பதாரரின் வேலையைக் கூடவே இருந்து பார்த்த எவரும் தரும் சான்றை ஏற்க வேண்டும். காலியான ஆறு இடங்களையும் கடிதம் இல்லாததால் விடுபட்டவர்களைக் கொண்டு, வகுப்புத் தொடங்கும் ஜூலை 6-க்குள் நிரப்ப வேண்டும். பயிற்சி பகல் நேரம் என்பதால் நான் மாலைப் பணிக்கு மாற்றித் தரக் கேட்டிருக்கிறேன். மருத்துவர் அம்மா, சேர்க்கைக் கடிதம் வரட்டும், உடனே மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு நம்பிக்கை இருக்கிறது. இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

12. ‘எனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இனி வருபவர்களுக்காவது கதவு திறக்கட்டும்’ என்று முடித்தால் மனுவுக்கு அழகாக இருக்கும் என்று என் கணவர் சொன்னார். இப்போது அவரும் என் பக்கம்தான். அப்படியே எழுதியும் பார்த்தேன். பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன். இனி வருபவர்களுக்கும் திறக்கட்டும். ஆனால் எனக்குப் பரவாயில்லை என்று இல்லை, ஐயா. அந்த ஆறு இடங்களில் ஒன்று எனக்கு வேண்டும்.

இணைப்புகள்:
நிராகரிப்புக் கடிதத்தின் நகல்.
நொண்டி நாய், 24 தாள்களின் நகல் (ரப்பர் பேண்டு மட்டும் போட்டுள்ளேன், தயவுசெய்து துளையிட வேண்டாம்).
நோயில்லாத நாய், 24 தாள்கள்.
கால்நடை மருத்துவரின் சீட்டு.

நாள்: ஜூன் 18, வியாழக்கிழமை
இடம்: கால்நடை மருத்துவமனை, எக்ஸ்ரே அறை

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
விண்ணப்ப எண் 317