அப்பா கார் ஓட்டும் இடம்

20 ஜனவரி 1978, வெள்ளி

இந்தப் படத்தை எடுத்தவர்கள் பொய்யர்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சொன்ன பொய்யை இன்று மறுபடி போடிக்குக் கொண்டுவந்து ஓட்டுகிறார்கள். பெண்கள் பக்க டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பவள் நான். ஆக, பொய்யில் எனக்கும் பங்கு.

கதை இதுதான். ஒரு பங்களா. அதில் யார் பேச்சையும் கேட்காத பணக்கார அப்பா. அவருக்கு ஒரு மகள். அவளைக் காதலிக்கும் வேலையில்லாத இளைஞன் ஒட்டுமீசை வைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாராக உள்ளே நுழைகிறான். கடைசியில் மீசை விழுகிறது. கோபப்பட வேண்டிய அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கல்யாணம். சுபம்.

படம் முழுக்க ஒருவர்கூட ‘நீங்க என்ன ஆளுக?’ என்று கேட்கவில்லை. இங்கே குடிக்கத் தண்ணீர் கேட்டாலே அதைக் கேட்டுவிட்டுத்தான் சொம்பை எடுக்கிறார்கள். வேலையில்லாதவன் சட்டை எப்போதும் இஸ்திரி போட்டிருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகக் கணக்கில் நானும் வேலையில்லாதவள்தான். எனக்கு இருப்பது இரண்டு சேலை.

22 ஜனவரி, ஞாயிறு

ஏலக்காய்க் கடைகளுக்கு இன்று விடுமுறை. காய் பிரிக்கிற பெண்கள் அத்தனை பேரும் மேட்னிக்கு வந்துவிட்டார்கள். பெண்கள் பக்கம் முழுக்க ஏலக்காய் வாசனை. வெளியே இருக்கிறவர்களுக்கு இது பணக்கார வாசனை. இவர்கள் விரல் நகத்தைப் பார்த்தால் தெரியும் அது என்ன வாசனை என்று.

அப்பா கார் ஓட்டும் இடத்தில் கொட்டகை இடிந்துவிடும்போல் சிரிப்பு. அவர் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு சந்தைக்குள் புகுந்து, வாழைத்தாரையெல்லாம் ஏற்றிக்கொண்டு, சொந்த வீட்டுச் சமையலறையில் போய் நிற்பார்.

இடைவேளையில் முருகம்மாளிடம் கேட்டேன். முப்பது வருஷமாகக் காய் பிரிக்கிறவள். இதில் அப்படி என்ன இருக்கிறது?

“ஒரு ஆம்பள, அதுவும் அப்பங்காரன், பக்கத்துல இருக்கவன் இடதுன்னா இடது, வலதுன்னா வலதுன்னு திருப்புறான் பாரு. நா பொறந்ததுலருந்து அப்படி ஒருத்தரப் பாத்ததில்ல ஆத்தா. இன்னும் பத்துத் தடவை பாப்பேன்.”

எரிச்சலாக இருந்தது.

24 ஜனவரி

வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து இன்றும் ஒன்றும் இல்லை. என்னைக் கண்டாலே தபால்காரர் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

26 ஜனவரி, வியாழன்

குடியரசு தினம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மேட்னி உண்டு.

படம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் பூமாரி எழுந்து வந்தாள். என்னோடு பத்தாவது வரை படித்தவள். இப்போது ஏலக்காய்க் கடையில். பெண்கள் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு, பின்சந்துக்குத் திறக்கும். சாவி என்னிடம்.

“கதவத் தொற. படம் முடியறதுக்குள்ள வந்துருவேன்.”

“எங்கன போற?”

“சைக்கிள் கடைக்கு. அவுக வரச் சொன்னாக.”

அவுகளாம். சந்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சீனிச்சாமி. ஒரு பங்க்சர் ஒட்ட மூன்று நாள் எடுப்பான். ஆனால் அவனுக்குக் குனிந்து பேசத் தெரியாது, அதனால் எனக்குப் பிடிக்கும். அவன் வேறு தெரு. — தெரு என்று எழுதிவிட்டேன். சாதி என்று எழுத வேண்டியதுதானே. என் நோட்டிலேயே எனக்குப் பயமா?

திறந்துவிட்டேன். கடைசிப் பத்து நிமிஷத்துக்கு முன் திரும்பி வந்து, மீசை விழுவதைப் பார்த்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் போனாள். உட்கார்ந்து பேசினார்களாம், கலர் சோடா குடித்தார்களாம். அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு திருட்டுத்தனம்.

“புதுப்படமா இருந்தா முடியாதுடி,” என்றாள். “வீட்ல கதை கேப்பாக. இது எனக்கு மனப்பாடம். எங்கன சிரிக்கணும், எங்கன அழணும், எல்லாம் தெரியும்.”

முருகம்மாளுக்கு ஒரு காரணம், இவளுக்கு ஒன்று. இந்தப் பொய்க்கு இத்தனை உபயோகமா?

29 ஜனவரி, ஞாயிறு

மறுபடியும் கதவு. படத்தை இன்னும் ஒரு வாரம் நீட்டித்துவிட்டார்கள்.

இன்று பாட்டுக்கு நடுவில் கரண்ட் போய்விட்டது. இருபது நிமிஷம். பூமாரி திரும்பியதும், “இன்னிக்கு ஏதும் உண்டா?” என்று கேட்டாள். சொன்னேன்.

30 ஜனவரி

நேற்று நான் சொன்னது அவளைக் காப்பாற்றியிருக்கிறது. அவளுடைய அண்ணன் கருத்தக்கண்ணன் ஜீப் ஸ்டாண்டில் ஆள் ஏற்றுகிறவன். வீட்டில் பரீட்சை வைத்தானாம்: “கொட்டகைல கரண்டு போச்சாமே. எப்பப் போச்சு?” இவள் பாட்டின் அடி வரைக்கும் சொன்னாளாம். காலையில் கடைக்குப் போகிற வழியில் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். கையெல்லாம் ஏலக்காய்.

1 பிப்ரவரி

எழுதாமல் விட்டால் அதுவும் பொய். இன்று அப்பா கார் ஓட்டும் இடத்தில் நானும் சிரித்துவிட்டேன். சத்தமாக. ஆப்பரேட்டர் சண்முகராஜ் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

அம்மா சர்ச் சபையில் ‘மகள் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போறா’ என்று சொல்லிவைத்திருக்கிறாள். சினிமாக் கொட்டகை என்று சொல்ல வெட்கம். நான் கொண்டுவரும் அரிசிக்கு வெட்கம் இல்லை. என் வீட்டிலேயே ஒட்டுமீசை இருக்கிறது. நான் யாரைக் குற்றம் சொல்ல?

5 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று முதல் ஆட்டத்தில் ஆறாவது ரீல் சிக்கிக் கருகிவிட்டது. கார் ஓட்டும் இடமே அதில்தான் இருக்கிறது. இன்று மேட்னியில் அது இல்லாமலே ஓட்டினார்கள். ஆண்கள் பக்கம் பெஞ்சைத் தூக்கிப் போட்டார்கள். பெண்கள் ஒன்றும் செய்யவில்லை. முருகம்மாள் மட்டும் திரையைப் பார்த்து, “அந்த எடத்தப் போடாம என்னத்துக்குக் காச வாங்குனீக?” என்று கேட்டாள்.

பூமாரி அதற்கு முன்பே போய்விட்டாள். கதவைத் திறக்கும்போது எங்களுக்குள் சண்டை. சீனிச்சாமி அவள் அப்பாவிடம் நேரில் பேசப் போகிறானாம். பங்குனி கழியட்டும் என்று இருக்கிறார்களாம்.

“சிரிச்ச மொகமாப் பேசுனா எங்கப்பாவும் கேப்பாரு” என்றாள்.

“உங்கப்பா சிரிச்சு நீ பாத்துருக்கியா? படத்தப் பாத்துப் பாத்துப் புத்தி கெட்டுப் போச்சு. அது பங்களாக்காரன் வெளையாட்டு. நமக்கு இல்ல.”

“உனக்குச் சிரிக்கிறவுகளக் கண்டா எரியுது. அம்புட்டுத்தான். உன்ன யாரும் எங்கனயும் வரச் சொல்லல, அதுக்கு நா என்ன செய்ய?”

போய்விட்டாள். திரும்பி வந்தபோது கூட்டம். ரீலைப் பற்றிச் சொல்ல நேரமில்லை.

6 பிப்ரவரி

பூமாரி கடைக்கு வரவில்லையாம். காய்ச்சலாக இருக்கும்.

7 பிப்ரவரி, செவ்வாய்

கருத்தக்கண்ணன் வந்தான். டிக்கெட் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.

“ஏம்மா, ஞாயித்துக்கெழமை பூமாரி உள்ள இருந்தாளா?”

“இருந்தா.”

“முழுப் படமும்?”

“முழுப் படமும்.”

“நானும் வந்துருந்தேன். ஆம்பளைக பக்கம். வீட்டுக்குப் போயி, ‘காரு ஓட்டுற எடம் இன்னிக்கு எப்படி?’ன்னு கேட்டேன். ‘இன்னிக்குத்தாண்ணே ரொம்பச் சிரிச்சாக, பக்கத்துல இருந்த பிள்ளைக்குப் புரையே ஏறிருச்சு’ன்னு சொல்றா. ஓடாத படத்துக்கு எப்படிம்மா புரை ஏறும்?”

பழைய ஞாபகத்தில் சொல்லியிருப்பாள் என்றேன். அவன் கத்தவில்லை. சிரித்தான்.

“நீயும் அவளும் சேந்துதான் படிச்சீகளோ?”

மானேஜரைப் பார்த்துவிட்டுப் போனான். சாயங்காலம் ஆசாரி வந்து சின்னக் கதவுக்கு மேலும் கீழும் கட்டை வைத்து ஆணி அடித்தார். ஆணி எடுத்துக் கொடுத்தது நான். மானேஜர் கொடுக்கச் சொன்னார்.

8 பிப்ரவரி

சைக்கிள் கடைப் பலகை ரோட்டில் கிடக்கிறது. சீனிச்சாமிக்கு வலது கை ஒடிந்து பெரியகுளம் ஆஸ்பத்திரியில். கேட்டவர்களிடம் எல்லாம், விழுந்துவிட்டேன் என்று அவனே சொல்கிறானாம். குனியாதவன்.

9 பிப்ரவரி

படம் மாறிவிட்டது. சாமி படம்.

12 பிப்ரவரி, ஞாயிறு

அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. மூன்று நாளாக எழுதவும் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

சொல்ல நேரமில்லை என்று எழுதியிருக்கிறேன். நேரம் இருந்தது. கூட்டமே இல்லை, எல்லாரும் உள்ளே இருந்தார்கள். நான் தனியாக உட்கார்ந்து டிக்கெட் கட்டை நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் சந்திலிருந்து உள்ளே வந்தாள். சண்டையை மறந்துவிட்டாள். முகம் மலர்ந்திருந்தது. எப்போதும்போல் கேட்டாள்:

“இன்னிக்கு ஏதும் உண்டா?”

ஒண்ணும் இல்ல என்றேன்.

தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வீட்டில் பரீட்சை உண்டு என்று எனக்குத் தெரியும். அப்போது ஞாபகம் வரவில்லையா? வந்தது. ஒரு நாள் மாட்டிக்கொள்ளட்டும், இரண்டு அடி வாங்கட்டும், அப்பா சிரிப்பாரா என்று பார்க்கட்டும் — இப்படியா நினைத்தேன்? இப்படித்தான் நினைத்தேன். ரெண்டு அடின்னுதான் நெனச்சேன். கை ஒடியும்னு நா நெனைக்கல. நெனைக்காமப் போனா ஆச்சா?

யாரிடமும் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள் என்று பெயர் எடுத்தவள் நான்.

19 பிப்ரவரி

அவள் வீட்டுப் பக்கம் போனேன். வாசலில் அவள் அம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். “ஊருக்குப் போயிருக்கா” என்றாள். உள்ளே பூமாரியின் இருமல் கேட்டது. இரண்டு பேருமே அதைக் கேட்டோம். திரும்பி வந்துவிட்டேன்.

5 மார்ச்

பூமாரிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. கோம்பையில் இருக்கும் தாய்மாமன். மாசிக்குள்ளேயே முடித்துவிட்டார்கள். கடையில் ஒருவருக்கும் பத்திரிகை இல்லை. முருகம்மாள்தான் விசாரித்து வந்து சொன்னாள். பூமாரியின் அப்பா அடிக்கவே இல்லையாம். ஒரு வார்த்தை திட்டவில்லையாம். தேதியை மட்டும் சொன்னாராம்.

சீனிச்சாமி கட்டுப் பிரித்துவிட்டு மலையேறிப் போய்விட்டான். எந்த எஸ்டேட் என்று யாருக்கும் தெரியவில்லை.

11 ஏப்ரல்

வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்தது. பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி.

14 மே, ஞாயிறு

புதுப்படப் பெட்டி வந்து சேரவில்லை. மூன்று நாளைக்கு அந்தப் படத்தையே திரும்பக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். இது வேறு பிரிண்ட். எல்லா ரீலும் இருக்கிறது.

மேட்னிக்குப் பூமாரி வந்தாள். தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள்போல. மாமன் ஆண்கள் வரிசையில் நின்றார். நரைத்த மனிதர், கையில் வெற்றிலைப் பை. இவள் என் ஜன்னலில் காசை வைத்தாள். டிக்கெட்டை வைத்தேன். என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. நான் அவள் கையைத்தான் பார்த்தேன். நகம் சுத்தமாக இருந்தது.

விற்பனை முடிந்ததும் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றேன். கார் ஓட்டும் இடம் வந்தது. அவள் சிரிக்கமாட்டாள் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவாள் என்றுகூட நினைத்தேன். வாழைத்தார் ஏறியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளின் தொடையில் அடித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இது பொய் என்று இந்த ஊரில் அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் சிரித்தாள். அப்பா இடது என்றால் இடது, வலது என்றால் வலது திருப்பினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

இடைவேளையில் டிக்கெட் அறை வாசலுக்கு அவளே வந்தாள். முகத்தில் சிரித்த ஈரம் காயவில்லை.

“நல்லாருக்கியா சுகிர்தம்?”

இருக்கேன் என்றேன். கலர் வாங்கித் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

“கோம்பைல உக்காந்து தெனமும் ஒண்ணத்தான் யோசிக்கிறேன். எங்கண்ணன யோசிக்கல. எங்கப்பாவ யோசிக்கல. அவுகளோட கொணம் தெரிஞ்சதுதான். நா உங்கிட்ட வந்து கேட்டேன்ல? வாயத் தொறந்து கேட்டேன்ல? ஒண்ணும் இல்லன்னு ஏன்டி சொன்ன?”

மணி அடித்தது. பெண்கள் எல்லாரும் முறுக்கும் கையுமாக எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். விளக்கு அணைந்தது. பாட்டு தொடங்கியது. அவள் நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

“படம் ஆரம்பிச்சிருச்சு” என்றேன்.

“படம் ஓடட்டும். நீ சொல்லு.”