ஊர்ப் பேர் சொல்லாத பாட்டு

ஜூன் 9, திங்கள்

வெயில். காலை எட்டுக்கே சுவர் சுடுகிறது. கரண்ட் இரண்டு முறை போனது. ஏ.சி. சத்தம் மைக்கில் விழும் என்று அதை அணைத்துவிட்டுத்தான் பேசவேண்டும். நாலு எபிசோட், ஒரே இருப்பில். எழுந்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

வாங்க: அதிமதுரம், சரளாவின் ஸ்கூட்டருக்கு டியூப், கொசு மருந்து.

காலேஜ் பெண் ஒருத்தி பேட்டிக்குப் போன் பண்ணினாள். "எப்படி சார் பதினோரு ஊர்ல ஒரே ஆளு பேசறீங்க?" பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். சொன்னேன்: திருப்பதியில் இந்தப் பத்தடி அறையில் பேசுகிறேன். ஹைதராபாத் ஆபீஸில் கிரண் நடுநடுவே பாட்டைச் சேர்த்து ஒரே ஃபைலாக அனுப்புகிறான். டெல்லி, மும்பை, பெங்களூர், சித்தூர் என்று பதினோரு வானொலி நிலையம். அவரவருக்குத் தோதான நாளில் போடுவார்கள். அந்த நாளில் நான் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

"எங்க சார் ஆரம்பிச்சீங்க?" திருமலையில். தொலைந்துபோனவர்களுக்காக மைக்கில் கூப்பிடும் வேலை. மூன்று பாஷை. பேர், ஊர், யார் காத்திருக்கிறார்கள், எந்த இடத்தில். பேரை மட்டும் சொன்னால் பத்து வெங்கடேசன் வந்து நிற்பான். ஊரையும் சொன்னால் சரியான ஆள் மட்டும் ஓடிவருவான். என் நிகழ்ச்சி 'ஊர் ஊராய் ஒரு பாட்டு' அங்கே பிறந்ததுதான். ஒன்பது வருஷமாக நான் ஊர் சொல்லாமல் ஒரு பாட்டும் போட்டதில்லை.

இன்றைக்கு வந்த நேயர் விருப்பத்தில் பிடித்தது: கௌரி. கார்வேட்டிநகரம் பக்கத்துப் பெண். வாட்ஸப்பில் குரல் பதிவு. எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படியே. கல்யாணமாகி மூன்று மாதம், இப்போது நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. வருகிற ஞாயிறு புருஷன் பிரகாஷுக்குப் பிறந்தநாள். "கார்வேட்டிநகரத்துப் பொண்ணு கௌரி, நாயுடுபேட்டையிலிருந்து, தன் பிரகாஷுக்காக!" இரண்டு ஊரையும் ருசித்துச் சொன்னேன். கிரண்: "சூப்பர் சார்." நாலு மணிக்கு ஃபைல் போய்விட்டது.

ஜூன் 10, செவ்வாய்

 எழுதினால் மனசு நிற்குமா பார்க்கலாம்.

குரல் பதிவுகளை நான் இரட்டை வேகத்தில்தான் கேட்பேன். பேர், ஊர், பாட்டு கிடைத்ததும் நிறுத்திவிடுவேன். நாளைக்கு நூறு வருகிறது, என்ன செய்ய. இன்று காலை காபி குடித்துக்கொண்டே கௌரியின் பதிவைச் சும்மா திரும்பப் போட்டேன். அந்தப் பேச்சைக் கேட்க ஆசை. நிறுத்தாமல் விட்டேன். பாட்டின் பேரைச் சொன்ன பிறகும் பேசுகிறாள்:

"ஊரு பேரு மட்டும் சொல்லிடாதீங்க சார். எங்க ரெண்டு ஊரும். அவரு எங்க ஆளுங்க இல்ல, காலனி. எங்கண்ணன் ஆளுங்கள வெச்சிக்கினு தேடிக்கினு கீறான். கெடைச்சா இவர உடமாட்டான் சார். எங்க நைனா நல்லவருதான், ஆனா அண்ணன் சொல்றதுதான் வூட்டுல. பேரு மட்டும் சொல்லுங்க, அவரு சந்தோசப்படுவாரு."

நாலு தடவை கேட்டேன். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.

நான் பிறந்ததும் காலனிதான். எதற்குப் பயப்படவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் சின்ன மாமா ஒரு பெண்ணோடு பஸ் ஏறினார், இரண்டு மாதம் கழித்துக் கிணற்றில் கிடைத்தார். அப்போது எனக்கு ஏழு வயது. அதை இத்தனை வருஷத்தில் ஒரு மைக்கிலும் சொன்னதில்லை.

கிரணுக்குப் போன். "ஃபைல் வெளிப்போயிந்தி சார், நேத்தே எல்லா ஸ்டேஷனுக்கும் போயிடுச்சு." திரும்ப வாங்கு என்றேன். "எதுக்கு சார், தப்பா ஒண்ணும் இல்லியே?" எனக்குக் கத்த வந்தது, கத்தினேன். பாவம் அவன்.

கௌரிக்கு ஐந்து தடவை போன். லைன் கிடைக்கவில்லை. மெசேஜுக்கு ஒற்றை டிக்.

டியூப் வாங்கவில்லை.

ஜூன் 11, புதன்

மேகம் கட்டி நிற்கிறது. பெய்யவில்லை. புழுக்கம்.

டெல்லியில் ஃபைலை எடுத்தாயிற்று. மும்பை எடுத்தாயிற்று. பெங்களூர் இன்று போடுவதாக இருந்தது, அரை மணி முன்னால் நிறுத்தினார்கள். மத்தியானத்துக்குள் பத்து. பாக்கி ஒன்று.

சித்தூர்.

எது எட்டாமல் போகக்கூடாதோ அதுதான். கார்வேட்டிநகரம் பக்கம் டீக்கடையில், டிராக்டரில், எங்கும் சித்தூர் நிலையம்தான் பாடும். அவர்கள் போடும் நாள் வியாழன், மத்தியானம் இரண்டு. நாளை. மெயிலுக்குப் பதில் இல்லை. போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. கிரண்: "சின்ன ஸ்டேஷன் சார். ஒக்க மனிஷி, ஒரே ஆள்தான் இருப்பாங்க."

சோறு இறங்கவில்லை. சரளாவிடம் சொல்லக்கூடாது என்று இருந்தேன். பெண்டாட்டியாச்சே, தட்டைப் பார்த்தே பிடித்துவிட்டாள். எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"வாயால தான பண்ணினே. காலால போய் சரி பண்ணிக்கினு வா."

ஜூன் 12, வியாழன்

சித்தூர் போய்வந்தேன். வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

9.40 பஸ். பன்னிரண்டுக்குள் போய்விடலாம் என்று கணக்கு. பூதலப்பட்டு தாண்டி டயர் பஞ்சர். டிரைவர் புளிய மரத்தடியில் நின்று மோர் குடிக்கிறார். "எந்துக்கு சார் தொந்தர, எதுக்கு அவசரம்? பத்து நிமிஷம்." ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆட்டோ, பைக், லாரி எல்லாவற்றுக்கும் கை காட்டினேன். பதினோரு ஊர் கேட்கும் குரல், ஒருத்தனும் நிறுத்தவில்லை. பஸ்ஸே கிளம்பிற்று.

1.48 நிலையம். கல்யாண மண்டபத்து மாடியில் இரண்டு அறை. பத்மா என்ற அம்மாள், ஐம்பது இருக்கும், தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். நான் பேசியதும் நிமிர்ந்தார். "நீங்களா அது. குரலைக் கேட்டு உசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்." போன் என்னாயிற்று? மணி சத்தம் ஒலிப்பதிவில் விழுகிறதென்று அடுத்த அறையில் வைத்திருக்கிறார்.

சொன்னேன். டப்பாவை மூடினார்.

"எடுத்துடறேன் சார். ஆனா ரெண்டு மணிக்கு வேற என்ன போடறது? ஒரு மணி நேரம் சும்மா வுடமுடியாதே."

நேரலை. நான் நேரலையில் பேசி ஒன்பது வருஷம். தவறினால் வெட்டிக்கொள்ளலாம் என்று பழகிய வாய். நாற்காலியில் உட்கார்ந்ததும் தொடை ஆடியது, மேஜை ஆடியது, மைக் கம்பி டிக் டிக் என்றது. பத்மா வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். சிவப்பு விளக்கு. என்ன பேசினேன் என்று பாதி ஞாபகமில்லை. பயத்தில் பழக்கதோஷம், "கூப்பிடுங்கள், பேசலாம்" என்று சொல்லிவிட்டேன். அவரும் நம்பரைக் காட்டினார், படித்துவிட்டேன். புத்தி எங்கே போயிற்றோ.

மூன்றாவது போன். பாட்டு ஓடும்போது அடுத்த அறையில் போய் எடுத்தேன், ஒலிபரப்பில் இல்லை. வயசான குரல்.

"கார்வேட்டிநகரம் பக்கம் சார். எம் பொண்ணு கௌரின்னு. உங்க பாட்டுன்னா உசுரு. உங்களுக்கு எழுதுவா. இப்ப எழுதினாளா சார்?"

 அவருக்குப் பின்னால் இன்னொரு ஆண் குரல், சின்ன வயசு, அடக்கிப் பேசுகிறது: "ஊரு கேளு நைனா. எந்த ஊருன்னு கேளு."

"எந்த ஊருல இருந்து சார் எழுதினா?"

"அப்படி யாரும் எழுதலைங்க ஐயா" என்றேன். இருபது வருஷம் மைக்கில் கழித்தவன், என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது.

"எழுதலையாம்பா" என்று அந்தப் பக்கம் சொன்னார். ஏதோ திட்டு. செருப்புச் சத்தம் தூரம் போயிற்று, பைக் உதைக்கும் சத்தம். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறார்போல, சன்னமாக:

"எழுதினா ஊரு பேர யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். என்கிட்டயும்."

வைத்துவிட்டார். பாட்டு முடிந்து எட்டு விநாடி வெறும் காற்று போயிருக்கிறது. பத்மா முதுகில் தட்டியபிறகுதான் தெரிந்தது.

பஸ்ஸில் வரும்போது பின்னால் வந்த ஒவ்வொரு பைக்கையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

விடிகாலை மழை. ஒரு வாரத்துப் புழுக்கம் போயிற்று, எனக்குப் போகவில்லை.

பத்மா போன், பத்து மணி. "ரெண்டு பேரு வந்தாங்க சார். வழக்கமான புரோகிராம ஏன் நிறுத்தினீங்க, அந்த ஃபைலப் போட்டுக் காட்டுன்னு. மின்னாடி நின்னவன் கண்ணே சரியில்ல." ஃபைல் என்ன ஆச்சு என்றேன். "நேத்து நீங்க படி எறங்கறப்பவே அழிச்சிட்டேன். தேடிப் பாத்துக்கோன்னு கம்ப்யூட்டர வுட்டுட்டு தயிர்சாதம் துன்னுக்கினு ஒக்காந்தேன்." அந்த அம்மாளுக்குக் கோயில் கட்டலாம்.

பதினொன்றேகால். இரண்டு டிக். கௌரியே கூப்பிட்டாள். ரீசார்ஜ் பண்ணவில்லையாம் நாலு நாளாக. நான் செத்துக்கொண்டிருந்த நாலு நாள்.

மறைக்காமல் சொன்னேன். பாதியில் நிறுத்தியது, ஊர் சொன்னது, சித்தூர், அங்கே வந்த போன், தேடி வந்த இரண்டு பேர். திட்டவில்லை. 

"நைனாவா பேசனாரு?"

"ஆமாம்மா." அவர் கடைசியில் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

"கொரலு எப்பிடி சார் இருந்திச்சி?"

குரலை வைத்துச் சோறு தின்கிறவன். "சன்னமா இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் இன்னிக்கே வேற ஊரு போய்டறோம் சார். எந்த ஊருன்னு உங்களுக்கும் சொல்லமாட்டேன்."

"சொல்லாதேம்மா."

"பாட்டு மட்டும் போடுங்க. ஞாயித்துக்கெழம பொறந்தநாளு."

உடனே உட்கார்ந்து பேசினேன். பேரும் இல்லை. "ஒருத்தி, தன்னோடு வந்தவனுக்காக." ஐந்து வார்த்தைகூட இல்லை, ஏழு தடவை தவறியது. பதினோரு நிலையமும் ஞாயிறே போடவேண்டும் என்று கிரணிடம் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன். கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான்.

"ஊரு பேரு மறந்துட்டீங்க சார். எந்த ஊரு?"

"தெரியாது" என்றேன்.