கேம்ப்பில் ஒரு கார்ப்பரேட்டர்

அன்பு மகள் ஹரிதாவுக்கு, அம்மா எழுதுவது. மூன்று வேளையும் விருந்துச் சாப்பாடு சாப்பிட்டு நான் ஒரு சுற்றுப் பெருத்து நலமாக இருக்கிறேன், குவாஹாத்தியில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க கங்கம்மாவை வேண்டிக்கொள்கிறேன். போன் எடுக்கவில்லையே என்று பயந்திருப்பாய், அதைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். மேயர் தாட்சாயணி மேல் டெபுடி மேயர் முரளிதரன் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். ஓட்டு நாள் வரைக்கும் எங்களைப் போன்ற கார்ப்பரேட்டர்களைக் கேம்ப் என்று எங்காவது கொண்டுபோய் அடைத்து வைப்பதுதான் நம் பக்கத்து வழக்கமாயிற்றே. காளஹஸ்தியில் ராகு கேது பூஜை என்று சொல்லி உன் நைனா என்னைப் பஸ் ஏற்றினார், நானும் தேங்காய் பழத்தோடு ஏறி உட்கார்ந்தேன். பஸ் பலமனேர் தாண்டும்போதுதான் சாமி இந்தப் பக்கம் இல்லையே என்று உறைத்தது. இப்போது குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் இருக்கிறோம். தேங்காயைச் சட்னி அரைத்துவிட்டார்கள்.

தாட்சாயணியை உனக்கு ஞாபகம் இருக்கும், அங்கன்வாடியில் உனக்குச் சோறூட்டிய டீச்சர்தான். பெண்கள் ஒதுக்கீட்டில் ஜெயித்து மேயரும் ஆனாள். பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தவர்கள் எல்லாம் ஏமாந்தார்கள். மார்க்கெட்டில் முரளிதரன் மச்சான் கடையை இடித்தாள், கமிஷனரோடு மைக்கிலேயே சண்டை போட்டாள், தன் புருஷனையே மேயர் அறைக்குள் விடவில்லை. கால்வாய் வெட்ட நம் வீட்டு வாசற்படியையும் பெயர்த்தாள், நைனாவுக்கு அந்தக் கோபம்தான். எனக்கும் வருத்தம் உண்டு, இன்னும் பலகை போட்டுத்தான் ஏறி இறங்குகிறோம். ஆனால் இந்த மழைக்கு நம் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. ஒருநாள் கவுன்சிலில் எனக்குப் பதிலாக நைனா பேச எழுந்தபோது, அண்ணா நீங்க வெளிய இருங்க, பிரேமா, உன் டிவிஷன், நீயே பேசு என்றாள். தெருவிளக்கு வேண்டும் என்று பேசினேன், வந்தது.

நேற்று முரளிதரன் வந்து, அண்ணி முறை வைத்து, நீ ஒண்ணும் பேச வாணாம் வதினா, நான் சைகை காட்டுனா கைய மட்டும் தூக்கு என்றார். உன் நைனா என் கைக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டாராம். ஒரு கை குறைந்தாலும் தீர்மானம் தோற்றுவிடும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். நான் தூக்கப் போவதில்லை ஹரிதா. பயமாகத்தான் இருக்கிறது, வீட்டில் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தையும் இருக்காது.

இங்கே பெருக்க வரும் தனபாக்கியம் இதைத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள், உன் கைக்கு வருவதற்குள் ஓட்டு முடிந்திருக்கும். நைனாவைத் திட்டாதே, சர்க்கரை மாத்திரை போடுகிறாரா என்று மட்டும் கேள். குழந்தைக்குக் குளிரில் தலைக்கு ஊற்றாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ என் ஆசீர்வாதம். இத்தனை நாளும் கார்ப்பரேஷன் காகிதங்களில் என் கையெழுத்தை நைனாதான் போட்டார். கீழே நானே போட்டிருக்கிறேன், நன்றாக இருக்கிறதா பார்.

உன் அம்மா,
கோ. பிரேமலதா,
கார்ப்பரேட்டர், பதினேழாவது டிவிஷன்.