பப்பாளிப் பால்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

எங்கள் ஆய்வகத்தின் கணினி நூலகம் ஆய்வுக் கட்டுரைகளைத் தானே படித்து, சோதனைகளையும் தானே நடத்தும். தீப்புண் மருந்துக்காகப் பழைய தமிழ்க் கட்டுரை ஒன்றைப் படித்தது. அதிலிருந்த ‘பப்பாளி பால்’ என்பதை இரண்டு பொருளாக எடுத்துக்கொண்டு, பப்பாளியோடு பசும்பாலைக் கலந்தது. இருபது நாளாகத் தோல்விதான். திட்டத்தையே மூடப் பார்த்தார்கள்.

“சார், இது காயைக் கீறினா வடியுற பால்!” என்றேன். மாற்றியதும் முதல் தடவையே வெற்றி!

“உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?” என்றார் ஆய்வகத் தலைவர்.

“கையில பட்டா அரிக்கும்னு எங்கம்மா திட்டுவாங்க.”

நூலகத்தில் இந்தத் திருத்தத்துக்கு ஆதாரம் ‘அம்மா’ என்றே பதிவாகியிருக்கிறது!

உங்கள் திட்டுகளை போனில் பதிந்து அனுப்புங்கள். நூலகத்துக்குத்தான், வேறொன்றுமில்லை. பஸ் வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாகவே திட்டுங்கள்.

உங்கள் வாயாடி