எட்டு நாள் தங்கிய அட்டை

1974 மார்ச் 30, சனி

பெரிய வெள்ளியன்று எங்கள் ஒழுங்கை வழியே போகும் சிலுவைப் பாதையில் இந்த வருடம் தம்பி ஹியூபேட்தான் சிலுவை சுமக்கிறானாம். சுவாமியார் கேட்டாராம், இவனும் தலையாட்டிவிட்டு வந்து நிற்கிறான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்கு இதெல்லாம் ஒரு பாரமா என்று நினைத்திருப்பார். முப்பத்துநாலு வயதாகியும் என் தம்பிக்குச் சேர்ட்டுக்குப் பொத்தான் தைக்கத் தெரியாது. அம்மா போன பிறகு வீட்டில் நானும் அவனும்தான். சமைக்கிறதும் நான், ஏசுகிறதும் நான்.

டிஸ்பென்சரியில் நல்ல கூட்டம். இருமல் மருந்து கலந்து கலந்து கை இன்னும் பிசுபிசுக்கிறது.

ஏப்ரல் 8, திங்கள்

பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை யோசெப்பினுடைய இரத்தப் பரிசோதனை வந்தது. நெருப்புக் காய்ச்சல், டைபோயிட். எங்கள் டிஸ்பென்சரி டொக்டர் நிலாம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். தாய் கொன்ஸ்ரன்ஸ் அக்கா கேட்கவில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறாவாம். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, அறிவித்தல் அட்டையில் கையெழுத்து வைத்து என்னிடம் தந்தார். இப்படியான நோய் கண்டால் மாநகரசபைச் சுகாதாரப் பகுதிக்கு அட்டை போகவேண்டும், பி.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். விலாசம் எழுதித் தபாலில் போடுவது பதினொரு வருடமாக என் வேலை.

பின்னேரம் கொன்ஸ்ரன்ஸ் அக்கா வீட்டுக்கு வந்தா. கையில் ஒரு பிஸ்கட் தகரம்.

"பிள்ளை, கார்ட் போனா பி.எச்.ஐ. வந்து சர்பத்த நிப்பாட்டிப் போடுவான். பெரிய வெள்ளி முடியுமட்டும் வச்சிரு. நாலு நாள்தானே."

யோசெப்பின் கைக்குழந்தையாக இருந்தபோது வலிப்பு வந்து பிழைத்தவள். அன்று வைத்த நேர்த்தி இது. பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதைக்கு வரும் எல்லாருக்கும் சர்பத். பதினெட்டு வருடத்தில் ஒருமுறையும் தவறவில்லை. இப்போது சீனி கூப்பனுக்குத்தான். ஜனவரியிலிருந்து தாயும் மகளும் வெறுந்தேத்தண்ணியைச் சீனி போடாமல் குடித்து மிச்சம் பிடித்திருக்கிறார்கள். தகரத்தைத் திறந்து காட்டினா. விளிம்பு வரை சீனி.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும், யோசெப்பின் குசினிப் பக்கமே வரக்கூடாது என்றேன். சுவரில் இருந்த சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணினா.

அட்டை இந்தக் கொப்பிக்குள்ளேயே இருக்கிறது.

ஏப்ரல் 9

டொக்டர் "அட்டை போட்டாச்சா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

ஏப்ரல் 12, பெரிய வெள்ளி

நல்ல வெயில். ஹியூபேட் வெறுங்காலோடு பதினான்கு தலங்களும் சுமந்தான். பன்னிரண்டாம் தலத்தில் முழங்கால் மடங்கியது, நான் பயந்துபோனேன். முடித்துக்கொண்டு வந்தபோது சேர்ட் தொப்பலாக நனைந்திருந்தது.

சிலுவை சுமந்தவருக்குத்தான் முதல் கிளாஸ். அது ஒழுங்கையின் வழக்கம். கொன்ஸ்ரன்ஸ் அக்கா ஊற்றி என்னிடம் நீட்டினா. நான்தான் அவன் கையில் கொடுத்தேன். ஐஸ் இல்லை, கொதித்து ஆறிய தண்ணீர்தான், நானே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொண்டு தாக்கா" என்றான்.

நான் ஒருசந்தி. மூன்று மணி வரைக்கும் பச்சைத் தண்ணீரும் தொடுவதில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

உயிர்த்த ஞாயிறு, வருடப்பிறப்பு, எல்லா லீவும் முடிந்தது. காலையில் அட்டையைத் தபாலில் போட்டேன். மனம் இலேசாக இருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 19

பி.எச்.ஐ. தியாகராசா வந்தார். கொன்ஸ்ரன்ஸ் அக்கா வீட்டில் கக்கூஸ், குழாய், குசினி எல்லாம் பார்த்து மருந்து ஊற்றிவிட்டு டிஸ்பென்சரிக்கு வந்தார். மெல்லிய மனிதர், சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார்.

"மிஸ், டொக்டர் கையெழுத்து எட்டாந் திகதி. தபால் முத்திரை பதினாறு. இடையில என்ன நடந்தது?"

"லீவுதானே. தபால் பிந்தியிருக்கும்."

"முத்திரை பிந்தாது மிஸ். சரி, தபால் தாமதம் எண்டு எழுதுறன்."

போகும்போது ஒன்று சொன்னார். சர்பத்துக்குத் தண்ணீர் கொதிக்கவைத்தது உண்மைதானாம். ஆனால் சர்பத்தில் மிதக்கவிடும் கசகசா விதையை முதல் நாளே குழாய்த் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் அளைந்து விட்டது யோசெப்பின். தனக்காக வைத்த நேர்த்தியில் தான் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருப்பதா என்று எழும்பி வந்திருக்கிறாள். தாய்க்குத் தெரியும். கசகசாதானே என்று விட்டுவிட்டா.

கசகசாவை நானும் நினைக்கவில்லை. எத்தனை வருடம் இந்த நோய்க்கு மருந்து கட்டிக் கொடுத்திருக்கிறேன், எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஏப்ரல் 27, சனி

ஒழுங்கையில் மூன்று வீட்டில் காய்ச்சல். ஹியூபேட்டுக்குத் தலையிடி. வெயிலுக்காக்கும் என்கிறான். இன்றைக்கா வெயில்? இரண்டு நாளாக மழை.

மே 2

ஹியூபேட்டின் அட்டையை நானே எழுதினேன். பெயர், வயது, விலாசம். என் வீட்டு இலக்கம். டொக்டர் கையெழுத்து வைத்ததும் மருந்து கட்டுவதை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தபாலில் போட்டேன்.

எதற்கு இந்த ஓட்டம் இப்போது?

மே 11

ஹியூபேட் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒன்பதாம் நாள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பாண் கேட்டு அடம்பிடிக்கிறான். கஞ்சி மட்டும்தான் கொடுக்கலாம் என்றதற்கு, "பெரிய வெள்ளி இன்னும் முடியேல்லையா அக்கா" என்றான். தாதியும் சிரித்தா.

மே 17

குடலில் ஓட்டை விழுந்துவிட்டதாம். வெட்டினார்கள். காலை பதினொன்றரைக்குப் போய்விட்டான்.

மே 18

அவனுடைய வெள்ளைச் சேர்ட்டுக்கு ஒரு பொத்தான் இல்லை. பெட்டிக்குள் அவனை வைக்க முன்னம் தைத்தேன்.

மே 31

கொன்ஸ்ரன்ஸ் அக்காவோடு ஒழுங்கையில் ஒருவரும் கதைப்பதில்லை. யோசெப்பின் எழும்பி நடக்கிறாள். அதுவும் குற்றமாகப் போயிற்று. குழாயடியில் அவளைக் கண்டால் வாளியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். எதிர்வீட்டு மேபல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ர தம்பியத் தின்னக் கொடுத்திட்டாளே பாவி" என்றாள். நான் அழுதேன். தம்பிக்காக அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

கொன்ஸ்ரன்ஸ் அக்கா அட்டையைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை அந்த மனுசி?

ஜூன் 10, திங்கள்

டொக்டரிடம் சொல்லிவிட்டேன். தியாகராசாவையும் வரச்சொல்லி, இரண்டு பேருக்கும் முன்னால் சொன்னேன். தபால் தாமதம் என்று எழுதியதை வெட்டி என் பெயரை எழுதச் சொன்னேன்.

தியாகராசா பேனையை எடுத்தார். "எட்டாந் திகதியே போட்டிருந்தா பதினொண்டில நான் வந்திருப்பன் மிஸ். அந்தக் கசகசாவ ஊறவைக்கிற நேரம்" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

டொக்டர், "வேலைய விட வேணாம். ஆனா இனிமே அட்டையெல்லாம் நானே போட்டுக்கொள்ளுறேன்" என்றார்.

ஜூன் 16, ஞாயிறு

ஹியூபேட்டின் முப்பத்தோராம் நாள். பூசை முடிந்து ஒழுங்கையே எங்கள் வீட்டில் சாப்பிட்டது. கொன்ஸ்ரன்ஸ் அக்காவைக் கூப்பிடவேண்டாம் என்று மேபல் சொன்னாள். அந்த இடத்தில் எழும்பிச் சொன்னேன்: "கார்ட்ட எட்டு நாள் வச்சிருந்தது நான். டொக்டரிட்டப் பொய் சொன்னதும் நான். கிளாஸக் கொடுத்ததும் நான்தான்."

சிலர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்கள். இப்போது எங்கள் இரண்டு வீட்டுப் பக்கமும் ஆள் வருவதில்லை.

1975 மார்ச் 27, வியாழன்

செட்டியார்தெருக் கடைக்காரர் ஒருவருடைய பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல். டொக்டர் அட்டையில் கையெழுத்து வைத்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு. நாளைக்கு லீவு. தபாலை நம்பாமல் மாநகரசபைக்கு நடந்துபோய்த் தியாகராசாவின் கையிலேயே கொடுத்தேன். திகதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நல்லது மிஸ்" என்றார்.

மார்ச் 28, பெரிய வெள்ளி

சிலுவையை இந்த முறை ஒழுங்கைப் பொடியன் வலன்ரைன் சுமந்தான். நான் பின்னால் நடந்தேன்.

கொன்ஸ்ரன்ஸ் அக்கா வாசலில் மேசை போட்டிருந்தா. யோசெப்பினுக்கு மூன்று தரம் பரிசோதித்து ஒன்றுமில்லை என்று வந்த பிறகுதான் தியாகராசா இதற்கு அனுமதி கொடுத்தவர். சர்பத் இல்லை. மூடி போட்ட சட்டியில் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும். வலன்ரைன் பார்க்காதமாதிரிப் போனான். அவனுக்குப் பின்னால் எல்லாரும் போனார்கள். முதல் கிளாஸை நீட்டின கை நீட்டினபடியே நின்றது.

மணி பன்னிரண்டும் ஆகவில்லை. போய் வாங்கினேன்.

"பிள்ளை, நீ ஒருசந்தியெல்லோ" என்றா.

குடித்து முடித்தேன். ஒழுங்கை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கிளாஸை நீட்டி, "இன்னொண்டு தாங்கோக்கா" என்றேன்.